யாழ்ப்பாணத்துக் கோடையும் மலையகத்துக் கோடையும்: மலையில் நடக்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வானிலை வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் கீரிமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரில் மட்டும்தான் மலை. போனால் கேணியும் கடலும் கிடைக்கும். குடாநாடு தட்டையான நிலம். பருத்தித்துறையில் வெயில் எரித்தால் பெரும்பாலும் சாவகச்சேரியிலும் எரிக்கும். உச்ச வெயில் காலமான காண்டாவனம் பிறந்துவிட்டால் ஊர் முழுக்க ஒரே அனல். இந்தப் பழக்கத்தோடு மலையகத்துக்கு நடக்கப் போனால் ஏமாந்துபோவோம். நான் போயிருக்கிறேன், ஏமாந்தும் இருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாதம். இங்கே கிணற்றில் தண்ணீர் இறங்கத் தொடங்கிய நேரம். "கோடைதானே, மலையில் குளிர்ச்சியாக நடக்கலாம்" என்று நாங்கள் நாலு பேர் ஹற்றனுக்குப் போனோம். பையில் ரீசேர்ட், தொப்பி, கறுப்புக் கண்ணாடி. மூன்று நாளும் அறை ஜன்னலால் மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். தேத்தண்ணி குடிக்கப் போன பெட்டிக்கடையில் ஒரு ஐயா எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாழ்ப்பாணத்துல இருந்தா வந்தீங்க? இந்த மாசத்துல இங்க யாரு தம்பி நடக்க வருவா?" என்று கேட்டார்.

நாலாம் நாள் சலித்துப்போய் பதுளை ரயிலில் ஏறினோம். நானுஓயா, அம்பேவெல, பட்டிப்பொல என்று வழி நெடுக மழையும் மூடுபனியும்தான். பட்டிப்பொலவுக்கு அப்பால் ஒரு சுரங்கம் வரும். உள்ளே புகுந்தபோது ஜன்னலில் தண்ணீர் வழிந்தது. வெளியே வந்தால் வெயில், காய்ந்த புல், பறக்கிற தூசி. ஐந்து நிமிடத்துக்குள் மாரியிலிருந்து கோடைக்கு வந்துவிட்டோம். மலையில் "இப்போது என்ன காலம்" என்று கேட்டால் மட்டும் போதாது, "எந்தப் பக்கத்தில்" என்றும் கேட்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இந்த வழிகாட்டியில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

படி 1: மாதத்தைப் பார்த்து மலையின் பக்கத்தைத் தெரிவு செய்யுங்கள்

மே மாதக் கடைசி வாக்கில் தென்மேல் பருவக்காற்று தொடங்கும். நம் ஊரில் அதைச் சோளகம் என்போம். முற்றத்து மண்ணை அள்ளி வீட்டுக்குள் கொட்டும், ஒரு துளி மழை தராது. இதே பருவக்காற்று தெற்கே கடல் ஈரத்தோடு வந்து மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதுகிறது. மோதிய காற்று மேலே ஏறும். ஏற ஏறக் குளிரும். குளிர்ந்த காற்றால் ஈரத்தைச் சுமக்க முடியாமல் மழையாகக் கொட்டிவிடும். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுவது இதனால்தான். யாழ்ப்பாணத்துக்கு வருடம் முழுக்கக் கிடைப்பது ஏறக்குறைய அதில் நாலில் ஒரு பங்கு.

ஈரத்தை மேற்கில் கொட்டிவிட்ட காற்று, மலைமுகட்டைத் தாண்டிக் கிழக்கே ஊவாப் பக்கம் இறங்கும்போது சூடாகி வறண்டுவிடும். அதைக் கச்சான் காற்று என்பார்கள். (நமக்குக் கச்சான் என்றால் நல்லூர் வீதியில் பையில் கட்டி விற்கிற கடலை. மட்டக்களப்பாரிடமும் பதுளையாரிடமும் "கச்சான் தொடங்கிட்டுதா?" என்று கேட்டால் அவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள்.)

ஆகவே ஒரு எளிய விதி: உங்கள் வீட்டு முற்றத்தில் சோளகம் பலமாக வீசுகிற நாட்களில் ஹற்றன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா என்ற எண்ணத்தை விடுங்கள். அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பதுளை என்று கிழக்கே போங்கள்.

மாதவாரியாகச் சொன்னால், பெப்ரவரியும் மார்ச்சும் மேற்கு மலைக்கு நல்ல காலம். வானம் தெளிவு, பாதை காய்ந்திருக்கும், இரவுக் குளிர் கடுமை. ஹோர்ட்டன் சமவெளியில் வருடத் தொடக்கத்து விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படிவதும் உண்டு. சிவனொளிபாதமலைக்கு ஏறுகிறவர்களுக்கும் இதுதான் நேரம். டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கும் யாத்திரைக் காலம் மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. அதற்குப் பிறகு படியோர விளக்கும் இருக்காது, தேத்தண்ணிக் கடையும் இருக்காது. மழையும் காற்றும் 5000க்கு மேற்பட்ட ஈரப் படிகளும்தான் மிஞ்சும். 2243 மீற்றர் உச்சியில் ஜூலை மாதம் நடு இரவில் நிற்பது பக்தியா, வீம்பா என்று எனக்குத் தெரியவில்லை. நான் போகமாட்டேன்.

ஏப்ரல் ஒரு தந்திரமான மாதம். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம், பெரிய காற்று இல்லை. காலை பளிச்சென்று விடியும். பதினொரு மணிக்கு மேல் முகில் குவியும். இரண்டு மணிக்கு மேல் இடியோடு மழை. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நுவரெலியாவில் கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் நிற்கும். பத்து மணிக்கு எழும்பி, சாப்பிட்டு, மெல்ல நடக்கத் தொடங்குகிறவர்கள்தான் இந்த மாதத்தில் நனைகிறவர்கள்.

ஜூன் முதல் செப்டெம்பர் வரை கிழக்குச் சரிவு. எல்லவில் குட்டி சிவனொளிபாதம் என்று சொல்கிற 1141 மீற்றர்க் குன்று, அப்புத்தளைக்கு மேலே தம்பேத்தன்னைத் தோட்டத்தில் லிப்டன் இருக்கை என்கிற காட்சிமுனை, அதற்கு இடைப்பட்ட தேயிலைப் பாதைகள் எல்லாம் இந்த மாதங்களில் காய்ந்து கிடக்கும். என் சொந்தத் தெரிவு, நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு ஊவாவுக்குப் போவது. ஒக்டோபர் பிறந்தால் அங்கேயும் பிற்பகல் இடிமழை தொடங்கிவிடும்.

அப்புத்தளையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஊரே ஒரு முகட்டின் மேல், 1400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தெருவின் ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் பள்ளத்திலிருந்து ஏறி வருகிற மூடுபனியும் ஒரே நேரத்தில் காணலாம். கோடையிலும் மதியத்துக்குப் பின் காட்சி மறையலாம். லிப்டன் இருக்கைக்கு விடியலிலேயே போய்விடுங்கள்.

ஏ9 வீதியால் போகிற நமக்கு இன்னொரு வசதி இருக்கிறது. கண்டிக்கு முன்னரே வருகிற மாத்தளையிலிருந்து ரத்தோட்டைப் பக்கமாகத் திரும்பினால் நக்கிள்ஸ் மலைத்தொடரின் ரிவஸ்டனும் பிட்டவல பத்தனையும் வந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்களுக்கு மிகக் கிட்டிய உயர்மலை அதுதான். ஆனால் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை ரிவஸ்டன் கணவாயில் வீசுகிற காற்று சும்மா காற்றல்ல. தொப்பி, குடை எல்லாம் பறந்துவிடும், சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். முகட்டின் மேற்கே மழைத்தூறல், கிழக்கே இலுக்கும்புரப் பக்கம் காய்ந்த வெயில் என்று இங்கேயும் அந்தச் சுரங்கத்துக் கதைதான்.

படி 2: உயரத்தை வெப்பநிலையாக மாற்றிப் பாருங்கள்

ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 0.6 பாகை செல்சியஸ் குறையும். யாழ்ப்பாணத்தில் 34 பாகை என்று வையுங்கள். 1041 மீற்றரில் இருக்கும் எல்லவில் பகலில் 27, 28. 1868 மீற்றரில் நுவரெலியாவில் 22, 23. 2100 மீற்றருக்கு மேல் போகிற ஹோர்ட்டன் சமவெளியில் 20ஐத் தாண்டினால் நல்ல வெயில் நாள். இது நடுப்பகல் கணக்கு. ஜூலை மாதத்து நுவரெலியாவில் விடியற்காலை 12, 13 பாகைக்கு இறங்குவது வழமை.

இதோடு காற்றைச் சேருங்கள். 12 பாகையில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடித்தால் தோலுக்கு அது 9 பாகை போலப் படும். உடுப்பு நனைந்திருந்தால் இன்னும் மோசம். மார்கழி விடியலில் கோயிலுக்குப் போக எழும்பும்போது "என்ன குளிர்" என்கிறோமே, அப்போதும் இங்கே 20 பாகைக்குக் கிட்ட இருக்கும். அந்த அளவுகோலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

குளிர் என்பதால் வெயில் சுடாது என்றும் நினைக்கக் கூடாது. உயரம் 1000 மீற்றர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடும். ஏப்ரல் முதற் பாதியிலும் ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர்த் தொடக்கத்திலும் நடுப்பகலில் சூரியன் நம் உச்சிக்கு நேரே நிற்கும். காற்று குளிர்ந்து வீசுவதால் சுடுவது தெரியாது. இரவில் படுக்கும்போதுதான் கழுத்தும் காதும் எரியும்.

படி 3: முன்னறிவிப்பை வாசிக்கப் பழகுங்கள்

கைத்தொலைபேசியில் "நுவரெலியா" என்று அடித்தால் ஒரு முகில் படமும் "மழை 60%" என்றும் வரும். அந்தப் படத்தை நம்பி ஒரு நாளைத் திட்டமிட முடியாது. மலையில் ஐந்து கிலோமீற்றருக்குள் இரண்டு வானிலை இருக்கும்.

வளிமண்டலவியல் திணைக்களம் தமிழிலும் நாளாந்த அறிக்கை தருகிறது. வானொலியில் தினமும் கேட்கிறோம், ஆனால் "வட மாகாணத்தில்" என்ற சொல் வந்து போனதும் காதை மூடிவிடுகிறோம். மலைக்குப் போவதற்கு முந்திய மூன்று நாட்கள் மற்ற வரிகளைக் கேளுங்கள். "மேல், சப்ரகமுவ, மத்திய மாகாணங்களில் அவ்வப்போது மழை" என்றால் அது பருவக்காற்று மழை. காலை, மாலை என்று பார்க்காது, மேற்குச் சரிவை விடுங்கள். "ஊவா, மத்திய மாகாணங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின் இடியுடன் கூடிய மழை" என்றால் அது வேறு வகை. காலை உங்களுடையது, பிற்பகல் இடியினுடையது. "மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மணித்தியாலத்துக்கு 50 முதல் 60 கிலோமீற்றர் வேகத்தில் காற்று" என்று வந்தால் முகடுகளிலும் மரங்களுக்குக் கீழேயும் நடக்கிற நாள் அதுவல்ல.

இரண்டாவது அறிக்கை, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் தருகிற மண்சரிவு எச்சரிக்கை. பிரதேச செயலாளர் பிரிவுவாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தால் விழிப்பு, 100 என்றால் தயார்நிலை, 150 என்றால் அங்கிருந்து வெளியேற வேண்டும் என்பது அடிப்படைக் கணக்கு. நீங்கள் நடக்கப் போகிற பிரிவுக்கு மஞ்சள் வந்திருந்தாலே நான் திட்டத்தை மாற்றுவேன். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயங்களே மண்ணுக்குள் போனதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2025 நவம்பர்க் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழை மலையகத்தின் பல சரிவுகளை அறுத்துவிட்டது. பழைய படத்தில் இருக்கிற பாதை இப்போதும் இருக்கிறதா என்று உள்ளூரில் கேட்டுவிட்டே காலை வையுங்கள்.

மூன்றாவது அறிக்கைதான் எனக்கு மிகப் பிடித்தது. தோட்டத்து மக்களைக் கேட்பது. நமக்கும் அவர்களுக்கும் ஒரே மொழி. இந்த வசதி வெளிநாட்டுக்காரருக்கு இல்லை. கொழுந்து எடுத்துக்கொண்டு நிற்கிற அக்காவிடம் "அக்கா, இண்டைக்கு மழை எத்தனை மணிக்கு வரும்?" என்று கேளுங்கள். எதிர்மலையில் முகில் எந்த உயரத்தில் நிற்கிறது என்று ஒரு தரம் பார்த்துவிட்டு, "மூணு மணிக்கு முந்தி எறங்கிருங்க" என்பார். ஒன்றைக் கவனியுங்கள்: தோட்டத்தில் "மலை" என்றால் தேயிலைக் கொழுந்து எடுக்கிற இடம். "மலைக்கு எப்பிடிப் போறது?" என்று பொதுவாகக் கேட்டால் வேலை நடக்கிற தேயிலைக்குள் கொண்டுபோய் விடுவார்கள். உச்சியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

படி 4: பையைக் கட்டுங்கள்

முதலில் எதை விடுவது என்று சொல்கிறேன். ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் இரண்டு கிலோ கனம், அடுத்த நாளும் காயாது. பருத்தி ரீசேர்ட் யாழ்ப்பாணத்துக்கு அமிர்தம், மலைக்கு ஆகாது. வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டி நிற்கும், முகட்டில் காற்று அடித்ததும் ஐஸ் வைத்த மாதிரி ஆகிவிடும். விளையாட்டுக்குப் போடுகிற மெல்லிய பொலியெஸ்டர் ரீசேர்ட் நல்லது. நடக்க நடக்கவே காயும்.

அதற்கு மேல் ஒரு கம்பளிச் சுவெட்டர் அல்லது ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ரெயின்கோட். மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற ரெயின்கோட் கனம்தான், ஆனால் வேலை செய்யும். தலையால் மாட்டுகிற பொலித்தீன் போர்வை காற்றில் பாய்மரம் போல விரியும். தோட்டப் பாதைக்குப் போதும், முகட்டுக்கு வேண்டாம். குடை தேயிலைக்குள் அருமையான பொருள். இடி முழங்கினால் மடக்கிவிடுங்கள்.

மாற்று உடுப்பு ஒரு சோடி, இரண்டு சோடி காலுறை, எல்லாம் பொலித்தீன் பைக்குள். அந்தப் பொலித்தீன் முதுகுப்பைக்குள்ளேயே இருக்கட்டும். ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பொலித்தீனைச் சோதித்து எடுத்துவிடுவார்கள், அங்கே போவதென்றால் துணிப்பையும் மூடி போட்ட டப்பாவும். சப்பாத்துக்கு அடியில் பல் இருக்க வேண்டும். செருப்போடு ஈரப் பாறையில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். ரோர்ச், விசில், சார்ஜ் நிரம்பிய தொலைபேசி.

சாப்பாட்டுக்குக் கடையில் பிஸ்கட் தேடாதீர்கள். பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை, ஒரு துண்டுப் பனங்கட்டி: நசியாது, ஊறாது, குளிரில் உடம்புக்கு உடனே சூடு தரும். நம் அம்மாமார் மலையேறாமலே மலையேற்றச் சாப்பாட்டைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஒரு மணித்தியால நடைக்கு அரை லீற்றர் என்று கணக்கு வையுங்கள். ஊவா வெயிலில் அதிலும் கூட. ஒரு போத்தலில் தேசிக்காயும் உப்பும் சீனியும் கரைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து ஓடையில் குடிக்க வேண்டாம், மேலே தேயிலைக்கு மருந்தும் உரமும் போடுகிறார்கள்.

படி 5: நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் பாருங்கள்

"எத்தனை மணிக்குத் தொடங்கலாம்?" என்று யோசிப்பதை விட, "ஒரு மணிக்குக் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும்" என்று தொடங்கிப் பின்னால் வாருங்கள். தட்டை நிலத்தில் பழகியவர்களுக்கு ஒரு கணக்கு: 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். நாங்கள் நாலு பேரும் அதையும் ஒன்றரை மடங்காக்கித்தான் போடுகிறோம். படம் எடுக்கிற நேரம் வேறு இருக்கிறதல்லவா.

ஹோர்ட்டன் சமவெளியின் சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. காலை 6 மணிக்கு வாசலில் நின்றால் உலக முடிவு என்கிற பாறை விளிம்புக்கு ஏழரைக்குப் போய்விடலாம். ஏறத்தாழ 880 மீற்றர் செங்குத்துப் பள்ளம், கீழே ஊர்கள். ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்திலிருந்து முகில் ஏறி எல்லாவற்றையும் வெள்ளைச் சீலையால் மூடிவிடும். பத்தரைக்கு வந்து அந்தச் சீலையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, விடியக் கண்டியில் இறங்கி, அங்கிருந்து மாறி நுவரெலியா போய்ச் சேரும்போது முற்பகல் போய்விடும். அன்றைக்கே நடக்கப் போகாதீர்கள். நித்திரை இல்லாத உடம்பு, பிற்பகல் வானிலை, 1800 மீற்றர் உயரம் மூன்றும் சேரக் கூடாது.

படி 6: நடக்கும்போது வானத்தைப் பாருங்கள்

*மூடுபனி.* ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். தேயிலைக்குள் எல்லா வரியும் ஒரே மாதிரி, எல்லாப் பாதையும் ஒரே மாதிரி. முகில் இறங்கத் தொடங்கியதுமே கூட்டத்தை ஒன்றாக்குங்கள். முன்னால் ஓடுகிற பெடியனை நிறுத்துங்கள். வழி தெரியாவிட்டால் நில்லுங்கள். பள்ளத்தாக்கை நோக்கி நேரே இறங்குவது கவர்ச்சியாக இருக்கும், பெரும்பாலும் அது ஓடையிலோ பாறை விளிம்பிலோ முடியும். லொறி போகிற தோட்டத்து வீதி ஒன்றைப் பிடித்துவிட்டால் அது ஒரு லயத்திலோ ஃபக்டரியிலோ கொண்டுபோய் விடும். உலக முடிவு போன்ற விளிம்புகளில் மூடுபனி நேரத்தில் பின்னால் நகர்ந்து செல்ஃபி எடுப்பதைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை.

*இடி.* காலையில் பஞ்சு போலச் சிதறிக் கிடந்த முகில், பத்து மணிக்கு மேல் பூக்கோவா மாதிரி மேலே பொங்குகிறதா, அடி கறுத்துத் தட்டையாகிறதா என்று பாருங்கள். சும்மா இருந்த காற்று திடீரென்று குளிர்ந்து வீசினால், மழை எங்கோ தொடங்கிவிட்டது, உங்களிடம் வருகிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் இடி கேட்டால் பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. முகட்டிலிருந்து உடனே இறங்குங்கள். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் வரை திரும்ப ஏறாதீர்கள். தனித்த மரம், தேயிலைக்கு நடுவே நிற்கிற நிழல் மரம், கம்பி வேலி, திறந்த கொட்டில் எதுவும் வேண்டாம். வீடு, ஃபக்டரி, கண்ணாடி மூடிய வாகனம் சரி. எதுவும் இல்லாவிட்டால் முகட்டுக்குக் கீழே, தாழ்வான இடத்தில், ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டுக் குந்தி இருங்கள். படுக்காதீர்கள்.

*காய்ந்த வெயில்.* ஊவாவின் பத்தனைப் புல்வெளியில் நிழல் கிடையாது. வெயில் நமக்குப் பழக்கம்தான், ஏற்றம் பழக்கமில்லை. தலையிடி, ஓங்காளம், வியர்வை நின்று தோல் சூடாவது என்று ஏதாவது தெரிந்தால் நிழல் தேடி இருத்தி, உடம்பை நனைத்து விசிறுங்கள். ஜூலைக்குப் பின் அந்தப் புல் வைக்கோல் மாதிரி. கச்சானோடு தீ பிடித்தால் காற்று போகிற பக்கமும் சரிவில் மேல் நோக்கியும் வேகமாக ஓடும், நீங்களும் மேலே ஓடினால் அது வெல்லும். பக்கவாட்டில் விலகி, பாறை, வீதி, ஏற்கெனவே எரிந்த தரை என்று பாருங்கள். சிகரெட்டும் தேத்தண்ணி அடுப்பும் அங்கே வேண்டவே வேண்டாம்.

படி 7: நனைந்துவிட்டால்

கோடையில், வெப்பவலய நாட்டில் ஒருவர் குளிரில் விறைப்பாரா? விறைப்பார். 13 பாகை, ஈர உடுப்பு, காற்று, வெறும் வயிறு. நாலும் சேர்ந்தால் இரண்டு மணித்தியாலம் போதும். முதலில் நடுக்கம். அப்புறம் பையின் சிப்பைத் திறக்கத் தெரியாமல் விரல் தடுமாறும், பேச்சுக் குழறும், ஆள் கூட்டத்துக்குப் பின்னால் இழுபடுவார். "எனக்கு ஒண்டுமில்லை, நீங்கள் போங்கோ" என்பார். அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நடுக்கம் தானாக நின்று ஆள் அமைதியாகிவிட்டால் தேறுகிறார் என்று எடுக்கக் கூடாது, அதுதான் ஆபத்தான கட்டம்.

செய்ய வேண்டியது: காற்றுப் படாத இடம், ஈர உடுப்பைக் கழற்றிக் காய்ந்ததை உடுத்தல், தலையை மூடல், நிலத்தில் நேரே இருத்தாமல் பையின் மேல் இருத்தல், சீனி கூடின சுடுதேத்தண்ணி, ஒரு பனங்கட்டி. கையையும் காலையும் பரபரவென்று தேய்க்காதீர்கள். சாராயம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நெஞ்சு சூடாவது போல இருக்கும், உண்மையில் தோலுக்கு இரத்தத்தை இழுத்து உடம்பின் சூட்டை வெளியே விட்டுவிடும். பேச்சுக் குழறினால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பொலிஸ் 119.

படி 8: தண்ணீரையும் மண்ணையும் கவனியுங்கள்

நமக்குத் தண்ணீர் என்றால் கிணறும் குளமும் கடலும். ஆறு இல்லாத ஊர். அதனாலோ என்னவோ அருவியைக் கண்டால் குதிக்கிறோம். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் எரிக்கலாம்; மூன்று கிலோமீற்றர் மேலே அரை மணித்தியாலத்துக்கு முன் மழை கொட்டியிருக்கலாம். தெளிந்த நீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சலின் தொனி மாறினால் உடனே கரையேறுங்கள். உடைமைகளைப் பிறகு பார்க்கலாம். முழங்காலுக்கு மேல் ஓடுகிற ஓடையைக் கடக்க வேண்டாம். காத்திருந்தால் பெரும்பாலும் சில மணித்தியாலத்தில் வடியும்.

பாதையோரம் புதிய வெடிப்பு, சரிந்த மரம், ஊற்று திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது, மேலே கல் உருளும் சத்தம்: இவை எல்லாம் மண் அசைகிற அடையாளம். அந்தச் சரிவுக்குக் குறுக்கே போகாமல் பக்கவாட்டில் விலகித் திரும்புங்கள்.

(சவர்க்காரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் சுண்ணாம்புக் கல் நிலத்துக் கிணற்று நீரில் நுரை வராமல் தேய்த்துப் பழகிய கை, மலைத் தண்ணீரில் அதே அளவு தேய்த்தால் அரை மணித்தியாலம் கழுவினாலும் வழுக்கும். பாதி போதும்.)

படி 9: அட்டை

இரத்தம் குடிக்கிற அட்டை மழை பெய்த ஈரப் பற்றைகளில் இருக்கும், கடும் குளிர் உயரத்தில் குறையும். ஆபத்தில்லை, அருவருப்புத்தான். காற்சட்டையைக் காலுறைக்குள் விடுங்கள், காலுறையில் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுங்கள். கடித்தால் நகத்தால் பக்கவாட்டில் தள்ளுங்கள் அல்லது உப்புத் தண்ணீர் ஒரு துளி. இரத்தம் கொஞ்ச நேரம் ஓடும், அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

இறங்கியதும் பஸ் ஏறுவதற்கு முன் காலுறையைக் கழற்றி உதறிப் பார்த்துவிடுங்கள். அந்த ஜூன் பயணத்தில் நாங்கள் பார்க்கவில்லை. திரும்பி வரும் வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நின்றது. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, வேட்டி கட்டிய ஒரு பெரியவருக்குப் பக்கத்தில் வந்து இருந்தேன். அவர் என் கணுக்காலைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "தம்பி, ஹற்றன்ல இருந்து ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர் போல."